எந்த எழுத்து வந்தால் பிள்ளையை விடுவீர்கள்

மக்களே,

கலியாணத்துக்குப் போகக்கூடாது என்று நான் சொன்ன பிறகு நீங்கள் மூன்று பேரும் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டீர்கள். மூத்தவள் சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். “சொந்த மச்சியின்ட கலியாணத்துக்குப் புள்ளைகள விடாத வாப்பா இந்தக் கரைத்தீவிலேயே எங்கட வாப்பா ஒராள்தான்” என்று உங்கள் உம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. சொன்னதில் பிழையில்லை.

காரணத்தை வாயால் சொல்ல இரண்டு முறை பார்த்தேன். கோபம் முந்திக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். யுத்தத்தில் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்கள் எங்களை வீடு வாசலை விட்டு வெளியேற்றிய வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. அதோடு என் படிப்பு சரி. பிறகு பாலாவி உப்பளத்தில் மூட்டை ஏற்றி, லொறி பழகி, இன்றுவரை அதே வேலை. எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

கலியாணப் பெண் என் தங்கச்சியின் மகள். தங்கச்சி, அதாவது உங்கள் மாமி, முசலிப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு லீவுக்கும் அங்கே போய்ப் பாலைப்பழம் பொறுக்குகிறீர்கள். மச்சி இங்கே, எங்களுக்கு நான்கு வளவு தள்ளி, தன் வாப்பாவின் உம்மா வாப்பாவோடு இருக்கிறாள். உங்களுக்கு நினைவு தெரிந்து அந்தத் தாயையும் மகளையும் ஒரே இடத்தில் நீங்கள் ஒருநாளாவது கண்டதில்லை. ஏன் என்று கேட்டபோதெல்லாம் நான் “பெரியாக்கள்ட கதை” என்று வாயை மூடினேன். உங்கள் சுகாதாரப் புத்தகத்தில் எயிட்ஸ் பற்றிய பக்கம் வந்தபோது சேர், “இத வீட்டில வாசிங்க” என்று சொல்லித் தாளைத் திருப்பிவிட்டார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். அந்தச் சேரும் நானும் ஒன்றுதான். அவர் திருப்பியது ஒரு தாள். நான் இத்தனை வருடமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மாமிக்கு அந்தக் கிருமி இருக்கிறது. மருந்து எடுக்கிறாள், சுகமாக இருக்கிறாள். உங்களுக்கு ஆப்பம் சுட்டுத் தந்தவளும், பேன் பார்த்துத் தலை வாரிவிட்டவளும் அவள்தான். ஒன்றும் உங்களுக்கு வராது. பயம் வந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே வாசியுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நம்முடைய சனத்தின் ஒரு குணத்தைச் சொல்லவேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது. நாங்கள் புத்தளத்துக்கு வந்து இறங்கியபோது எல்லோரும் எங்களிடம் முதலில் கேட்டது “எந்த ஊர்?” என்பதுதான். கடையில் கடன் கேட்டாலும் அதுதான், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் அதுதான். இந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பிறகு, பின்னேரத்தில் அதே வாங்கு மேசையில் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அந்தக் கேள்வியால் நாங்கள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. பட்டவர்கள் அதை விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. எடுத்து வைத்துக்கொண்டோம். முகாமில் கொட்டில் வரிசை ஊர்படி, தண்ணீர் முறையும் ஊர்படி. ஒரு கோழி காணாமல் போனால், ஒரு பெண் ஒருவனோடு ஓடிப்போனால், பிள்ளைகளுக்குச் சொறி வந்தால், முதலில் ஊரைக் கண்டுபிடிப்பார்கள். “அவனுகள்ட ஊர்ப் புத்தி அது” என்று சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடும். ஊர் தெரிந்தால் குற்றவாளி தெரிந்த மாதிரி.

தங்கச்சி வீட்டு வேலைக்கு இரண்டு தடவை ஒரே அரபு நாட்டுக்குப் போனாள். ஓலைக் கொட்டில் இருந்த வளவில் ஓட்டு வீடு கட்டினாள். அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், சிலாபம் பக்கத்திலிருந்து போகும் பலநாள் வள்ளங்களில் கடலுக்குப் போனவன். கரையில் நின்றது குறைவு. ஒருமுறை இயந்திரம் பழுதாகி வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கனநாள் அடைபட்டும் கிடந்தான். சிரித்த முகம், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவான். அவனைப் பற்றி நான் ஒரு கெட்ட சொல்லும் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவது?

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. இருமல், மெலிவு. காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில்தான் இரத்தத்தைச் சோதித்தார்கள். மருந்து பிடிக்கிறதற்குள் மௌத்தாகிவிட்டான். மையித்தை எடுக்கப் போன எங்களிடம் அங்கே ஒரு சிற்றூழியர், “கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்க” என்று சொன்னார். எந்த மையித்துக்கும் அப்படிச் சொல்வது நல்லதுதான். ஆனால் மையித்து வந்த வான் வண்டி பாலாவிச் சந்தியைத் தாண்டுவதற்குள் அந்தக் கையுறைக் கதை கரைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வழமையாக மையித்துக் குளிப்பாட்ட ஆள் தேடவேண்டியதில்லை, நன்மை என்று முந்தி வருவார்கள். அன்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை வந்துவிட்டது. நானும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினும் இரண்டு பேராகக் குளிப்பாட்டினோம். மோதின் கிழவர் தண்ணீர் வார்த்துக்கொண்டே, “ஊர்ல இன்டைக்கு எல்லாருக்கும் முதுகு வலியாம்” என்றார்.

பிறகு தங்கச்சிக்கு இரத்தம் பார்த்தார்கள். இருந்தது. பிள்ளைக்குப் பார்த்தார்கள். இல்லை. மச்சிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். இல்லை என்ற சொல்லை ஊரில் ஒருவரும் காதில் எடுக்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுத்த அன்று நடந்ததை உங்கள் உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், பெண்கள் இருந்தது உள்ளே. ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். பாயில் சஹன்களை வைத்தார்கள். மாப்பிள்ளை மௌத்தான நாலு மாத இத்தாவில் வெள்ளை உடுத்து ஒரு மூலையில் இருந்த தங்கச்சிக்கு முன்னாலும் ஒன்றை வைத்தார்கள். அவளோடு யாரும் வந்து இருக்கவில்லை. அடுத்த சஹனில் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, இவள் ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் தனியாக. உங்கள் உம்மா கறி பரிமாறிக்கொண்டு நின்றவள். அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டுப் போய் எதிரில் இருந்தாள். அப்போது கடைசிப் பிள்ளை வயிற்றில்.

“வகுத்துப் புள்ளையோட போய் அங்கயா இரிக்கிற? உனக்கென்ன விசரா?” என்று ஒரு ராத்தா கேட்டாளாம்.

“எனக்குப் பசிக்குது ராத்தா. அங்க இடமில்ல, இங்க தாராளமா இடம் இருக்கு” என்று சொல்லிவிட்டு உம்மா சோற்றைப் பிசைந்தாளாம்.

உங்கள் உம்மாவை நான் பல விஷயத்தில் ஏசியிருக்கிறேன். அந்த ஒரு நாளை நினைத்தால் ஏசினதற்கெல்லாம் வெட்கமாக இருக்கும்.

கதை எப்படிப் பரவியது என்றால், வெளிநாடு போனவள் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று. அந்த நாட்டுக்குப் போகுமுன் அவளுக்கு இரத்தம் பார்த்தார்கள். போய் இறங்கியதும் பார்த்தார்கள், விசா புதுப்பிக்கும்போதும் பார்த்தார்கள். கிருமி இருந்தால் அங்கே ஒருநாள் வைத்திருக்கமாட்டார்கள், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சுத்தமாகத்தான் வெளியே வந்தாள். மச்சானுக்குச் சாகக் கிடக்கும்வரை ஒருமுறையும் பார்த்ததில்லை. இதை நான் சொன்னால், “கடைசி மாசத்துல பட்டிரிக்கும்” என்பார்கள். கடலுக்குப் போனவன் எந்தக் கரையில் இறங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். என் கேள்வி, இவளிடம் மட்டும் ஏன் கேட்டார்கள் என்பது.

கத்தம் முடிந்த கையோடு மச்சானின் வாப்பா பள்ளி நிர்வாகத்தில் முறையிட்டார். பிள்ளை தங்களிடம் வளரவேண்டுமாம், நோய்க்காரியோடு இருக்கக்கூடாதாம். தங்கச்சிக்கு அதுவரை மானம்தான் போயிருந்தது. அன்றோடு பிள்ளையும் போகப்போகிறது என்று தெரிந்தது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, வீடுகூட. “அவங்க வீட்டை எடுக்கட்டும் நானா. புள்ளைய மட்டும் என்னோட விடச் சொல்லுங்க” என்று தன் அண்ணனான என்னிடம் சொன்னாள்.

இத்தாவில் இருப்பவள் மருந்துக்காக வெளியே போகலாம் என்று மௌலவி சொன்னார். அதற்கும் முணுமுணுத்தார்கள். நான் அவளைக் காலை பஸ்ஸில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. முகத்தைப் பார்த்துக் கதைப்பவர். மருந்து தொடங்க முதல், சில மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று பார்க்க இரத்தத்தை அனுப்பவேண்டும் என்றும், அப்போது கிருமி எந்த வகை என்பதும் தெரியவரும் என்றும் சொன்னார்.

வகை என்ற சொல் என் மண்டையில் ஏறிவிட்டது. “கிருமியில எத்தின வகை டொக்டர்?” என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். “இது ஆபிரிக்கக் காட்டுப் பக்கத்தில குரங்குகளிட்ட இருந்தது. வேட்டையாடி இறைச்சி வெட்டின சனத்தின்ட ரத்தத்தில கலந்து மனிசருக்கு வந்திருக்கவேணும். இது உடம்புக்குள்ள தன்னைத்தானே பாத்து எழுதிப் பெருகிற கிருமி. எழுதேக்க பிழை விடும். எழுதினதை ஒருக்காலும் திருப்பிப் பாக்காது. பிழையோட பிழையா அடுத்ததை எழுதும். அதால ஒரு ஆளின்ட உடம்புக்குள்ளயே எத்தினையோ விதமா இருக்கும்.”

“அப்ப நாட்டுக்கு நாடு?”

“போன போன இடத்தில ஒவ்வொரு விதம் பெருகிச்சுது. ஏ, பீ, சீ எண்டு எழுத்து வைச்சிருக்கினம். ஐரோப்பா, அமெரிக்காப் பக்கம் பீ கூட. ஆபிரிக்காவின்ட தெற்கிலயும் இந்தியாவிலயும் சீ கூட. தாய்லாந்துப் பக்கத்தில கலப்பு ஒண்டு இருக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு விதமும் பட்டால் அது ரெண்டும் சேந்து புதுசு ஒண்டும் உண்டாகும். எங்கட நாடு சின்னன், ஆனா போறவை வாறவை கூட. இஞ்ச பல விதமும் இருக்கும்.”

இந்தக் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி இன்னொன்று இருக்கிறதாம். யப்பானின் தெற்குத் தீவுகளிலும் கரீபியன் தீவுகளிலும், தாய்ப்பாலில் பிள்ளைக்குப் போய், தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே கிடக்குமாம். கனபேரை ஒன்றும் செய்யாமலே சும்மா இருக்குமாம். அது வேறு, இது வேறு என்று சொல்லி முடிப்பதற்குள் தங்கச்சி, “நானும் ரெண்டு வருசம் பால் குடுத்தேனே டொக்டர்!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டொக்டர் எழும்பி வந்து அவள் தோளைப் பிடித்தார். “உங்கட மகளுக்கு ஒண்டும் இல்லை. பாத்தாச்சு. இல்லை எண்டால் இல்லைதான்” என்றார். அப்படி ஒரு ஆள் அவளைத் தொட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் விடவில்லை. “அப்ப, ஒராள் வாயைத் திறந்தா எந்த ஊர் என்டு தெரியிற மாதிரி, கிருமியைப் பாத்தா எங்கயிருந்து வந்தது என்டு தெரியும். அப்படித்தானே?”

“கொஞ்சம் அப்பிடித்தான்” என்று சிரித்தார். “நீங்கள் வாய் திறக்கேக்கயே மன்னார்க் கதை எண்டு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நீங்கள் ஆரோட சண்டை பிடிச்சனீங்கள், ஆர் முதல் அடிச்சது எண்டு உங்கட கதையில தெரியுமோ? ஆரிட்டயிருந்து ஆருக்குப் போனது எண்டு எழுத்து சொல்லாது. மருந்துக்கும் எழுத்து முக்கியமில்லை. தங்கச்சிக்குக் குடுக்கிறது எல்லா எழுத்துக்கும் கேக்கும்.”

எனக்கு விளங்கியது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயில் வருவது மன்னார்க் கதையா, புத்தளத்துக் கதையா? பாதிப் பாதி. பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவன் அதைக் கேட்டு உங்கள் உம்மா எந்த ஊர், வாப்பா எந்த ஊர், யார் யாரைத் தேடி வந்தார் என்று சொல்லமுடியுமா?

எனக்கு மட்டும் விளங்கினால் போதாது, ஊருக்கும் விளங்கவேண்டும். நிர்வாகத் தலைவர் ஹாஜியார் புத்தளம் நகரத்தில் நடந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார். கூட்டத்தில் என்ன சொன்னார்களோ, அவர் கொண்டுவந்தது பாதிதான். “இந்தக் கிருமிக்கும் ஊர் இருக்காம். நாட்டுக்கு நாடு வேறயாம்” என்று பள்ளி வாசலில் சொன்னார். அங்கே நின்றவர்களுக்கு வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இத்தனை நாள் தொடப் பயந்த விஷயம் அவர்களுக்குப் பழக்கமான விஷயமாகிவிட்டது. “அப்ப லேசுதானே ஹாஜியார். ஊரக் கேட்டா முடிஞ்சு” என்றான் ஒருவன். மரியாதையாகத்தான் எங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். கிருமி எந்த வகை என்று தெரிந்த பிறகு பிள்ளையின் விஷயத்தைத் தீர்ப்போம் என்று.

தங்கச்சி அதை நம்பினாள். டொக்டர் சொன்னதையெல்லாம் என்னோடு சேர்ந்து கேட்டவள்தான். ஆனாலும் தண்ணீரில் தாழ்கிறவளுக்குக் கையில் கிடைத்தது அது ஒன்று. அடுத்த முறை போனபோது டொக்டர், மருந்து தாராளமாகத் தொடங்கலாம், வகை சீ என்றார். ஊரில் சொல்லவேண்டாம், அது உங்கள் இரகசியம் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சி ஜன்னலோரம் இருந்து, “சீ என்டா நம்மட பக்கத்துக் கிருமிதானே நானா. அந்த நாட்டுக் கிருமி இல்லத்தானே” என்று என்னைக் கேட்டாள். வழியில் இறங்கிப் பிள்ளைக்கு முந்திரிப்பழம் வாங்கினாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சொல்லவேண்டாம் என்று டொக்டர் சொன்னாரே என்றேன். “சொல்லுங்க நானா. சொன்னாப் புள்ளைய விடுவாங்க” என்றாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நாங்கள் பள்ளி மண்டபத்தில், தங்கச்சியும் உங்கள் உம்மாவும் பக்கத்து அறையில், நடுவில் ஒரு திரைச்சீலை. ஹாஜியார் கதிரையில், மற்றவர்கள் பாயில். மச்சானின் வாப்பா சுவரோடு சாய்ந்து, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கும் மகன் போன துக்கம். அதை நான் மறுக்கவில்லை.

“வகை சீ. இந்தியாவிலயும் இந்தப் பக்கத்திலயும் கூட இருக்கிறது அதுதான் என்டு டொக்டர் சொன்னாங்க” என்றேன்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். “அப்ப அந்த நாட்டுக் கிருமி இல்ல?”

பின்னால் இருந்து ஒருவன், “ஏன் இல்ல? அந்த நாட்டுல வீட்டுக்கு வீடு டிரைவர் யாரு? இந்தியாக்காரன்தானே. அங்க வச்சே இந்தியாக் கிருமி கிடைக்கும்” என்றான். சிரிப்பு. பள்ளிவாசலுக்குள் இருந்து சிரித்தார்கள்.

“வேற எழுத்து வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“வேற எழுத்து வந்தா அது வெளிநாட்டுக் கிருமிதானே! அதுல என்ன கதை இரிக்கி?”

“கடலுக்குப் போனவனும் வேற நாட்டுக் கரையில நின்டவன்தானே?”

மச்சானின் வாப்பா எழும்பிவிட்டார். “கபுறுல கிடக்கிறவனையா இழுக்கிறாய்? உன்ட தங்கச்சிட தோலைக் காப்பாத்த மையித்தைத் தோண்டுறியா?”

அவர் சொன்னது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். டொக்டர் சொன்னதுதான் உண்மை, யார் முதல் என்று எழுத்து சொல்லாது. அங்கே இருந்தவர்களுக்கும் எழுத்து தேவைப்படவில்லை. முடிவு முதலே இருந்தது, அதற்கு ஒரு முகவரிதான் குறைவாக இருந்தது.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆண்கள் கேட்கக் குரல் உயர்த்தமாட்டாள். அவள் உயர்த்தினாள்.

“ஹாஜியார், ஒரு கேள்வி. ஏ இரிக்கி, பீ இரிக்கி, சீ இரிக்கி. இன்னும் கன எழுத்து இரிக்காம். எந்த எழுத்து வந்தா என்ட புள்ளைய என்னோட விடுவீங்க? அதச் சொல்லுங்க. அல்லாட பள்ளியில இருந்து சொல்லுங்க.”

ஹாஜியார் மோதினைப் பார்த்தார். மோதின் நிலத்தைப் பார்த்தார். பதில் இல்லை என்பது எல்லோருக்கும் அந்த நேரம் தெரிந்துதான் இருந்தது. அப்படித் தெரிந்த பிறகும் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள், அதைத்தான் நான் மன்னிக்கவில்லை. பிள்ளை வாப்பாவின் வீட்டில் வளரும், தாய் சுகமான பிறகு பார்க்கலாம், அதுவரை கடப்படியில் நின்று பார்க்கலாம்.

கடப்படி என்றால் வேலிக்கு வெளியே. வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கவேண்டிய நோய்க்கு ‘சுகமான பிறகு’ என்பது எந்த நாள்? வழக்குப் போடுவோம் என்றேன். “வழக்குப் போட்டா அவங்க கோட்டுல கிருமிக் கதையக் கதைப்பாங்க, புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல அதே பேர் வைப்பாங்க. வேணாம் நானா” என்றாள்.

அவள் போய்க் கடப்படியில் நின்றாள். முதல் கிழமை பிள்ளை ஓடிவந்து வேலிக்கு மேலால் கையை நீட்டினாள். அடுத்த கிழமை கொஞ்சம் தள்ளி நின்றாள். வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா என்ன சொல்லிக் கொடுத்தாளோ எனக்குத் தெரியாது. பாடசாலை விட்டு வந்த ஒரு பின்னேரம் நானும் தங்கச்சியோடு போயிருந்தேன். சீப்பு ஒன்று கொண்டுபோயிருந்தாள். பிள்ளையின் தலை கலைந்து கிடந்தது. “வா மகள், தலை இழுத்து விடுறேன்” என்று கூப்பிட்டாள். பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “உம்மா, தூர நின்டு கதைங்க” என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. பாடமாக்கி வைத்ததை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

தங்கச்சி தூர நின்றாள். கொஞ்ச நேரம் பள்ளிக்கூடக் கதை கேட்டாள். பிறகு சீப்பை வேலிக் கம்பியில் செருகிவிட்டு வந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிறகு அவள் கடப்படிக்குப் போகவில்லை. “பயந்து பயந்து என்னப் பாக்கிறாள் நானா. என்னக் காணாட்டிப் பயமில்லாம இருப்பாள்” என்றாள். இத்தா முடிந்ததும் முசலியில் எங்கள் பழைய காணிக்குப் போனாள். இலவங்குளம் வழியாக நான்தான் லொறியில் கூட்டிக்கொண்டு போனேன். காடு மூடிக் கிடந்தது. தகரம் அடித்துக் கொடுத்தேன். மருந்தை அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டாள். அவளைக் கொன்றுவிடும் என்று ஊர் சொன்ன கிருமி இன்று இரத்தத்தில் தேடினாலும் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டதாம். இனி அவளிடமிருந்து யாருக்கும் போகாது என்று டொக்டரே சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை நான் கரைத்தீவில் பள்ளி வாசலில் வைத்துச் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். மற்றவர்கள் இருக்கிறார்கள். பெருநாளைக்கு என்னோடு முசாபஹா செய்கிறார்கள். நானும் கை கொடுக்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கலியாணம். அவள் உம்மா கட்டிய வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்து அங்கேதான் வைக்கிறார்கள். நிக்காஹ்வில் பெண் சார்பில் நிற்கும் வலியாக மச்சானின் வாப்பா நிற்கிறார். தாய் வரவேண்டாம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது, தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று என்னையே அங்கே கூப்பிட்டுச் சொன்னார்கள். சஹன் போடுவதற்கு ஆள் குறைவு, நீங்களும் பிள்ளைகளும் வந்து உதவ வேண்டும் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். நான் அவர்கள் குடிக்க வைத்த பிளேன்டியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். அன்றுதான் உங்களிடம் போகக்கூடாது என்று சொன்னேன்.

இவ்வளவும் எழுதி முடிக்கிற நேரம் உங்கள் மாமி போன் எடுத்தாள். நான் போகப்போவதில்லை, ஒருவரையும் விடப்போவதில்லை என்றேன். அவள் மெச்சுவாள் என்று நினைத்தேன் போல.

“உங்களுக்கென்ன நானா, கோவிச்சுக்கொண்டு வீட்டுல இருந்துருவீங்க” என்றாள். “நீங்களும் போகாட்டி எனக்கு யாரு வந்து சொல்லுற? மத்தவங்க சாப்பாட்டக் கதைப்பாங்க, நகையக் கதைப்பாங்க. எனக்கு அவளப் பத்தி வேணும். மெலிஞ்சிரிக்கிறாளா? மருதாணி சிவந்திரிக்கா? மாப்பிள்ளையப் பாத்து முகம் எப்படிப் போகுது? அழுதாளா? அழுதா யாரு பக்கத்துல நின்டது? அதுகளப் பாத்து வந்து சொல்ல எனக்கு வேற யாரு இரிக்கி?”

போனை வைத்துவிட்டு மறுபடி பேனையை எடுத்தேன்.

ஆகவே போவோம். புது உடுப்பை எடுத்து அழுத்தி வையுங்கள். எல்லோரும் போவோம், உம்மாவும் வருவாள். ஆனால் ஒன்று. அங்கே போனால் என் கண் அந்த மனிதர்கள் மேலேயே நிற்கும், எனக்கு என்னைத் தெரியும். பெண்ணின் முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கமாட்டேன். பெண்கள் பக்கம் எனக்குப் போகவும் முடியாது. மூத்தவளே, நீ உள்ளே போய் மச்சிக்குப் பக்கத்திலேயே இரு. படம் எடுக்க அவர்கள் விடாவிட்டால் சண்டை பிடிக்காதே, கண்ணால் பார். தலையை யார் வாரிவிட்டார்கள், எப்படி வாரியிருக்கிறார்கள் என்றும் பார். கலியாணத்துக்கு மறுநாள் விடிய நாங்கள் முசலிக்குப் போகிறோம். மாமி கேட்கிறபோது “வடிவா இருந்தா” என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஒன்றொன்றாகச் சொல்லவேண்டும்.